பஸ்லாவைப் பற்றி ஒரு விசாரணை

ஸமத் நானாவின் மகள் பஸ்லா கொழும்புக்குப் போகிறாள் என்ற செய்தி எங்கள் லேனில் பரவியதற்கு நான் காரணம் இல்லை. அது தானாகவே பரவியது. நான் செய்ததெல்லாம், கடைக்குச் சீனி வாங்க வந்தவர்களிடம் "கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டதுதான்.

மாத்தளை கொங்காவெலையில் எங்கள் லேனில் இருப்பது இருபத்து மூன்று வீடு. லேன் தொடங்கும் இடத்தில் என் கணவர் மக்கீனின் கடை. அவர் கல்லாவில் இருப்பார், நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். அவருக்குச் சாமான் விலை தெரியும். மிச்சமெல்லாம் எனக்குத் தெரியும்.

பஸ்லாவுக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. லேனில் பாதிப்பேரின் சீனி, கொழுப்பு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கேட்டால் சொல்ல மாட்டாள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத்தான் கொழும்பில் பெரிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டு, இரண்டு தடவை நேர்முகத்தில் விழுந்து, மூன்றாவது தடவை கிடைத்தது. இனி ஒரு தடவை இல்லை என்று அவளே அவள் உம்மாவிடம் சொன்னதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அவள் வாப்பா அப்துல் ஸமத் நானா நல்ல மனிதர். கறுவாவும் கராம்பும் வாங்கி விற்பவர். ஒரு பட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார். ஆனால் மகளை என்ன செய்வது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மூன்று நிபந்தனை வைத்தார். தங்குவது முஸ்லிம் வீடாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கக் கூடாது. பொழுது சாய்கிற மஃரிப் தொழுகைக்கு முன் கதவு பூட்ட வேண்டும்.

கொழும்பில் அப்படி ஒரு வீடு தேடுவது லேசா? ஆறு வாரம் தேடினாள். ஒரு வீட்டில் எல்லாம் சரி, மாடியில் வீட்டுக்காரியின் தம்பி. இன்னொரு வீட்டில் தம்பி இல்லை, தண்ணீரும் இல்லை. ஓரிடத்தில் பெயரைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்றார்கள். அதே அறைக்கான விளம்பரம் அடுத்த வாரமும் ஃபேஸ்புக்கில் இருந்தது. கடைசியில் தெமட்டகொடையில் நோனா ஹாஜியானி என்ற விதவையின் வீட்டு மேல்மாடி அறை அகப்பட்டது. ஒரே மகள் கட்டாரில். வீட்டில் ஆம்பிளை என்று சொல்ல ஒரு பூனை மட்டும்தான். ஹாஜியானி போனில், "பெரும்பாலும் சரி மகள், பார்த்துச் சொல்றேன்" என்றாராம். அந்தச் செய்தி எங்கள் லேனுக்குள் வந்து சேர்வதற்குள் 'பெரும்பாலும்' எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வீடு சரி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பிறகென்ன, புத்திமதி சொல்லத் தொடங்கினோம். கொழும்புக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் எங்கள் கடை வாசலில் வைத்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோம். இத்தனைக்கும் எங்களில் பெரும்பாலானோர் கொழும்பைக் கண்டது பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று மட்டும்தான்.

"தண்ணி போத்தல் கொண்டு போ. அங்கத்த தண்ணி வயித்துக்கு ஒத்துக்காது" என்றார் மக்கீன்.

"அங்க மழ பெஞ்சா ரோட்டுல முழங்கால் வரைக்கும் தண்ணி. நல்ல செருப்பு போட்டு போகாத" என்றேன் நான்.

"கிராம சேவகர்ட கடிதத்துல மூனு கொப்பி எடுத்து வை. தலைநகரம்டா சும்மாவா" என்றேன் மறுபடியும்.

"தலைநகரம் கொழும்பு இல்ல. ஸ்ரீ ஜயவர்தனபுர. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றார் மக்கீன்.

"அப்ப நீங்க போய் அங்க ஒரு ரூம் தேடிக் குடுங்களேன்."

எங்களில் உண்மையாகவே கொழும்பில் இருந்தவள் சவரியம்மா ஒருத்திதான். லேனின் கடைசி வீடு. வெள்ளவத்தையில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்தவள்; வஹகோட்டை தேவாலயப் பெருநாளுக்கு மட்டும் ஊருக்கு வந்து போனவள். பருப்பு வாங்க வந்து நின்றவள் சொன்னாள்:

"பாப்பா, பஸ்ஸுல ஏறுறப்ப 'பொரல்ல போகுமா'ன்னு கேக்காத. 'பொரல்ல'ன்னு சொல்லிக்கிட்டே ஏறு. கேட்டா புது ஆளுன்னு கண்டுபுடிச்சிருவாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும், ரொம்ப ஒட்டாத. அங்க யாருக்கும் யாரையும் தெரியாது."

யாருக்கும் யாரையும் தெரியாத ஊரில் மனுஷி எப்படி மூச்சு விடுவாள் என்று எனக்கு விளங்கவில்லை. சவரியம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான்தான் கொழும்பு நுளம்புக் கடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பகல் லுஹர் தொழுகைக்கு மக்கீன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் கடைப் போன் அடித்தது. தெரியாத நம்பர். பொம்பிளைக் குரல்; மெல்லிய, கவனமான, ஏசிக்குள் இருந்து பேசுவது போன்ற குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மக்கீன் ஸ்டோர்ஸ்தானே? உங்கட லேன்ல அப்துல் ஸமத்துன்னு ஒருத்தர் ஈக்கிறாரே... அவர்ட மகளப் பத்தி கொஞ்சம் விசாரிக்கணும். தப்பா நினைக்க வாணாம். புள்ளட காதுக்குப் போகவும் வாணாம்."

எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

இதை மற்றவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். மாத்தளையில் வீடு வாடகைக்குக் கொடுப்பவர் ஆளை விசாரிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார், எந்தப் பள்ளி ஜமாஅத் என்று கேட்பார், சாவியைக் கொடுப்பார். எங்கள் ஆட்களிடையே ஒரு பெண்பிள்ளையைப் பற்றி அக்கம் பக்கத்தில் போன் போட்டு, 'புள்ளட காதுக்குப் போக வேண்டாம்' என்று ஒருவர் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மாப்பிள்ளை வீடு. அவர்கள் இன்னதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் ஏன் என்று கேட்க மாட்டோம். அதுதான் மரியாதை. நல்லதாக நாலு வார்த்தை சொல்வது பக்கத்து வீட்டுக்காரியின் கடமை. என் மூன்று நாத்தனார்மாரும் கரையேறியது அப்படிப்பட்ட நாலு வார்த்தைகளில்தான். உள்ளதைச் சொல்லியிருந்தால் மூவரும் இன்னும் வீட்டில்தான் இருப்பார்கள்.

"புள்ள எப்படி?" என்றது குரல்.

"தங்கம். தலைய நிமித்திப் பேசாது."

"சமையல் கிமையல்?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! பெருநாளைக்கு ஆறு பேர் சுத்தி இருந்து திங்கிற சவன், அப்படிப் பத்து சவன் ஒத்தையா ஆக்கும். அடுப்பு அணையவே விடாது. வாசம் இங்க ரோட்டு வரைக்கும் வரும்."

அந்தப் பக்கம் சின்ன மௌனம். மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

"சொந்தக்காரர் போக்குவரத்து எப்படி?"

"பெரிய குடும்பம். மாமாமார் நாலு பேர். புள்ளைக்கு ஒன்னுன்னா வேன் புடிச்சு வந்துருவாங்க. வந்தா ரெண்டு நாள் நிக்காம போக மாட்டாங்க. அப்படி ஒரு பாசம்."

"ஆஹ். வேல செய்ற புள்ளதானே? வேலைல எப்படி?"

மாப்பிள்ளையின் உம்மாமார் இந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? "வேல சும்மா பொழுது போக்குக்கு. நாளைக்கே விடச் சொன்னா விட்டுட்டு வீட்ல இருக்கும். பெரிய ஆச ஒன்னும் இல்ல."

"கலியாணப் பேச்சு ஏதும் ஈக்கா...?"

இதில் மட்டும் நான் கொஞ்சம் யோசித்தேன். கிராக்கி இல்லாத பிள்ளையை யாரும் எடுக்க மாட்டார்கள். "வராத நாளில்ல. கண்டி, குருநாகல், நாலந்தாப் பக்கம் கூட. இந்த வருசம் முடியுறதுக்குள்ள முடிச்சிருவாங்க."

"ஜஸாக்கல்லாஹு கைர்" என்று நன்றி சொல்லிக் குரல் போனை வைத்தது. நான் வேர்த்துப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். இவ்வளவு நன்றாக நான் என் சொந்த மகளுக்குக் கூடப் பேசியதில்லை.

புள்ளயின் காதுக்குப் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? புள்ளயின் உம்மாவின் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே பஸ்லாவின் உம்மா றுக்ஸானாவின் வீட்டுக் குசினியில் இருந்தேன்.

"எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று கேட்டாள் றுக்ஸானா. மீன் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"கொழும்பு ஆக்கள். பேச்சுலயே தெரியும். படிச்ச சனம்."

"புள்ள கொழும்புக்கு வாரான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றேன். அந்தக் கேள்வியை அப்போதே கொஞ்சம் பிடித்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் விஷயம் மாறத் தொடங்கியது. ஸமத் நானா கடைக்கு வந்து, வழக்கத்துக்கு மாறாக, மக்கீனுக்கும் எனக்கும் ஒவ்வொரு பிளேன்டீ சொன்னார். முகத்தில் ஆறு வாரமாக இருந்த சுருக்கம் இல்லை.

"மாப்புள வீட்டு ஆக்கள் பாக்க வார நேரம் புள்ள வீட்ல இருக்கணும்தானே, ஜஸ்லா?" என்றார். "இப்ப எதுக்கு அவசரமா கொழும்பும் வேலையும்? விசாரிச்சவங்க வரட்டும். பார்ப்போம். திங்கக்கிழம போகாட்டி உலகமா அழிஞ்சிரும்?"

நான் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்ய நினைத்தேன். வேலையைப் பறிக்க நினைக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து, "அவசரப்படாதீங்க நானா" என்று சொல்ல எனக்கு வரவில்லை. பிளேன்டீ அவருடையது.

அன்று பின்னேரம் பஸ்லாவே வந்தாள். வேலை உடுப்போடு வந்திருந்தாள். பழைய இடத்தில் அதுதான் கடைசி நாளாம். எதுவும் வாங்கவில்லை. பிஸ்கட் டின்னில் விரலால் தட்டிக்கொண்டே நின்றாள்.

"சாச்சி, நேத்து வந்த நம்பர காட்டுங்க."

"அப்படி விசாரிக்கிறவங்கட நம்பர புள்ளைக்குக் குடுக்கக் கூடாதும்மா."

"வாப்பா என்னைய போக வேணாம்டு செல்றாரு. இல்லாத ஒரு மாப்புளைக்காக."

"இல்லாத மாப்புளயா? பேசினது நான்தானே."

"ஹாஜியானியும் ரெண்டு நாளா போன் எடுக்கிறா இல்ல. சாவி எப்ப எடுக்க வரட்டும்னு மெசேஜ் போட்டேன். ரெண்டு நீலக் கோடு விழுந்து கிடக்கு. பதில் இல்ல." அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்து மறுபடியும் ஒட்டிக்கொண்டது. "பேக்ல பாதி கட்டினது அப்படியே இருக்கு. மிச்சத்த கட்டுறதா, கட்டினத எடுக்கிறதா தெரியல்ல."

அவள் போன பிறகு நாள் கணக்குப் பார்த்தேன். நேற்றுத்தான் போன் வந்தது. நேற்றிலிருந்துதான் ஹாஜியானி பேசவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் எல்லோரும் ஜும்மாவுக்குப் போனார்கள். லேன் அமைதி. நானும் சவரியம்மாவும் கடையில் இருந்தோம்; ஜும்மா நேரத்தில் அவள்தான் எனக்குத் துணை. அப்போது பஸ்லா வந்தாள். வந்தாள் என்பதை விட, ஓடி வந்து நின்றாள் என்று சொல்லலாம். முகத்தில் இரத்தமே இல்லை. கையில் போன்.

"ஹாஜியானி வாய்ஸ் அனுப்பியிருக்கா" என்றாள். "நான் மூனு தரம் கேட்டுட்டேன். எனக்கு ஒன்னும் விளங்குதில்ல. நீங்க கேளுங்க."

போன் பேசத் தொடங்கியது. மெல்லிய, கவனமான குரல்.

"மகள், மனசு நோக வாணாம். எனக்கு ரூம் தர ஏலாது. முந்தி இருந்த ரெண்டு புள்ளயளும் மூனு மாசத்துல கலியாணக் கார்ட் கொண்டு வந்து தந்துட்டுப் போய்ட்டாங்க. எனக்கு நிரந்தரமா இருக்கிற ஆள்தான் வேணும், நான் ஒத்தையா ஈக்கிற மனுசி. நான் உங்கட ஊர்ல விசாரிச்சேன். நல்ல புள்ளதான் நீங்க. ஆனா வேலையில ஆசை இல்லையாம். இந்த வருசமே முடிச்சிருவாங்களாம். பத்து சவன் ஆக்குவீங்களாம், அடுப்பே அணையாதாம். என்ட மேல்மாடில சமைக்க ஏலாது மகள், எனக்கு மூச்சு வருத்தம். வேன் புடிச்சு மாமாமார் வந்து ரெண்டு நாள் நிப்பாங்களாம். அதெல்லாம் எனக்குச் சரிவராது..."

என் வார்த்தைகள். ஒன்று விடாமல் என் வார்த்தைகள். அடுப்பு அணையாதது வரைக்கும்.

பஸ்லா என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்தாள். "நான் எப்ப பத்து சவன் ஆக்கினேன்? எனக்கு ரைஸ் குக்கர்ல தண்ணி ஊத்தவே ஞாபகம் வராதே. யாரு இப்படிச் சொல்லியிருப்பா?"

சவரியம்மா என்னைப் பார்த்தாள். பொல்லாத பார்வை. "நீங்களா ஜஸ்லாம்மா?"

"மாப்புள வீடுன்னு நெனச்சேன்" என்றேன்.

"அங்க ரூம் குடுக்கிறதுக்கே கல்யாணத்துக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாங்க. நான் மூணு வீடு மாறுனேன். மூணு வாட்டியும் எங்க கோயில் ஃபாதருக்கு போன் போட்டாங்க. யாருக்கும் யாரையும் தெரியாத ஊருல வேற எப்படிப் பாப்பாங்க?"

"இத முன்னமே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் நுளம்பப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

பஸ்லா அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இன்டைக்கு வெள்ளி" என்று மட்டும் சொன்னாள். "நாளைக்குச் சனி."

கடைப் போனில் அந்த நம்பரைத் தேடி அழுத்தினேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் பஸ்லா, போட்டேன். நாலு தரம் அடித்து எடுத்தது.

"ஹாஜியானி, நான் மாத்தளையில இருந்து ஜஸ்லா. அன்டைக்குப் பேசின... நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். கலியாண விசயம்னு நெனச்சேன்."

"கலியாணமா? நான் எங்க கலியாணத்துக்குக் கேக்கிறேன்னு சொன்னேன்?"

"இங்க அப்படித்தான் கேப்பாங்க... அந்தப் புள்ளைக்கு உண்மையில சமைக்கவே தெரியாது, ஹாஜியானி. சோத்துல தண்ணி..."

பின்னால் இருந்து என் கையை யாரோ நசுக்கினார்கள். றுக்ஸானா. மகள் ஓடி வந்ததைப் பார்த்து அவளும் பின்னால் வந்திருக்கிறாள். எப்போது கடைக்குள் நுழைந்தாள் என்று யாருக்கும் தெரியாது. என் காதில் சீறினாள்: "விசர் புடிச்சதா உனக்கு? அந்த மனுசிக்கு கொழும்பு முழுக்கச் சொந்தம் இருக்கும். நாளைக்கு உண்மையாவே ஒரு இடம் வந்து விசாரிச்சா, 'சமைக்கத் தெரியாத புள்ள'ன்னு சொல்லிர மாட்டாங்களா?"

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். புகழ்ந்தால் அறை போகும். இகழ்ந்தால் மாப்பிள்ளை போவான். பொதுவாக எனக்குச் சொல் வராத நேரம் என்று ஒன்று இல்லை. அன்று வந்தது.

"மாமாமாரும்... அவ்வளவு அடிக்கடி வர மாட்டாங்க" என்றேன்.

"புதன்கிழம ஒன்னு சொன்னீங்க. வெள்ளிக்கிழம ஒன்னு சொல்றீங்க" என்றது குரல். "இதுல எத நான் நம்புறது? இப்ப அந்தப் புள்ள உங்களுக்குப் பக்கத்துல நிக்குதுதானே? யாரோ சொல்லிக் குடுத்துச் சொல்ற மாதிரி ஈக்கி."

பஸ்லா போனை வாங்கினாள். "ஹாஜியானி, நான்தான் பஸ்லா. நான் ரெண்டு வருசமாவது இருப்பேன். வாக்குத் தாரேன்."

"அந்த ரெண்டு புள்ளயளும் இதே வாக்குத்தான் தந்தாங்க, மகள். வைக்கட்டா?"

பஸ்லாவின் கை இறங்கியது. இனி முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்தப் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அது யாரோ, எந்த ஊரோ. இங்கே இவள் வராத மாப்பிள்ளைக்காக மேசை விரிப்பை மாற்றிக்கொண்டிருப்பாள்.

அப்போது றுக்ஸானா போனைப் பறித்தாள். மகளைப் புகழ்ந்து பேசி இன்னும் கெடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்பீக்கரில் இருப்பதைக் கூடக் கவனிக்காமல், காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் அந்தப் புள்ளட உம்மா, ஹாஜியானி. வைக்க வேணாம்."

"செல்லுங்கோ."

"அவ கலியாணம் முடிக்க மாட்டா. இப்பத்திக்கு மாட்டா. மூனு இடம் வந்துச்சு. மூனையும் வேணாம்னா. கடைசியா வந்த இடம் நல்ல இடம், நான் நாலு நாள் சோறு திங்காம இருந்து பார்த்தேன். அவளும் திங்காம இருந்தா. கடைசியில நான்தான் முதல்ல தின்னேன்." றுக்ஸானா மூச்சு வாங்கினாள். "புடிவாதம் புடிச்சவ. ஒன்னு வேணும்னா வேணும்தான். நேர்முகத்துக்கு முந்தி ரெண்டு மாசம் லைட்ட போட்டுட்டு விடிய விடியப் படிச்சா, கண்ணுக்குள்ள சிவப்பு ஓடுற வரைக்கும். கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா. அது உங்களுக்குச் சரிதானே, வீடு சத்தமில்லாம இருக்கும். சமைக்கத் தெரியாது. அதுல ஜஸ்லா சொன்னது உண்மைதான்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க அவ மூனு மாசத்துல போயிருவான்னு பயப்படுறீங்க" என்றாள் றுக்ஸானா. குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அந்தப் பயம் இல்ல ஹாஜியானி. எனக்கு மத்தப் பயம். அவ அங்க வந்தா திரும்பி வர மாட்டா. எனக்குத் தெரியும். பெருநாளைக்கு வருவா, ரெண்டு நாள் நிப்பா, போயிருவா. ஆறு வாரமா இதத்தான் நான் நினைச்சிட்டு இருக்கேன். அவட வாப்பாட்ட கூடச் சொல்லல்ல."

பஸ்லா உம்மாவைப் பார்த்தாள். சவரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சவர்க்கார அடுக்கைப் பார்த்தேன்.

"என்ட மகளும் அப்படித்தான் கட்டாருக்குப் போனா" என்றார் ஹாஜியானி. பிறகு தொண்டையைச் செருமி, வீட்டுக்காரிக் குரலுக்குத் திரும்பினார். "ஞாயித்துக்கிழம அஸருக்கு முந்தி வரச் சொல்லுங்கோ. ஆனா வாப்பாதான் கூட்டி வந்து என்ட கையில ஒப்படைக்கணும். வாப்பாக்கு விருப்பமில்லாத புள்ளய நான் வீட்ல வைக்க மாட்டேன். பின்னால எனக்குக் கரைச்சல்."

போன் வைத்தபோது ஜும்மா விட்டு ஆட்கள் லேனுக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் ஸமத் நானா. வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஜுப்பா, பக்கத்தில் இரண்டு பேருக்குக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் றுக்ஸானா என்னிடம். "நீ தொடங்கினது. நீ சொல்லு."

நான் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அது ரொம்பச் சின்னதாக இருந்தது. நாலு வசனத்தில் முடிந்துவிட்டது.

ஸமத் நானா தொப்பியைக் கழற்றினார். அதை நாலாக மடித்து ஜுப்பாப் பையில் வைத்தார்.

"அப்ப மாப்புள இல்ல?"

"இல்ல நானா."

"ஒருத்தனும் இல்ல?"

"ஒருத்தனும் இல்ல."

"பள்ளியில வைச்சு ஆளுக்காளு சொல்லிட்டேனே" என்றார். "மகள் இனிக் கொழும்புக்குப் போக மாட்டான்னு. நல்ல இடத்துல பேச்சு வந்திருக்குன்னு. ட்ரஸ்டிமாருக்கு முன்னால வைச்சு சொல்லிட்டேன்."

மக்கீன் வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நான் ஏதோ செய்திருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது. பஸ்லா அரிசி மூட்டையிலிருந்து எழுந்தாள். வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவில்லை. சும்மா நின்றாள். அவள் உம்மா சொன்ன அந்தப் பிடிவாதத்தை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன்.

"நான் ஹாஜியானிட்ட பேசிட்டேன்" என்றாள் றுக்ஸானா. "போகட்டும்னு சொல்லிட்டேன்."

"நீயா?" என்றார் ஸமத் நானா. மகளைப் பார்ப்பதை விட்டு மனைவியைப் பார்த்தார். "நீதானே ராத்திரி ராத்திரி அழுத?"

"அழுதேன்தான். இன்னும் அழுவேன். அது வேற விசயம்."

பின்னால் வந்த ஆட்கள் கடந்து போனார்கள், ஒருவர் சிரித்துக்கொண்டே, "எப்ப நானா கலியாணச் சோறு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸமத் நானாவின் காது சிவந்தது.

"அஸருக்கு முந்தி அங்க நிக்கிறதுன்னா" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல், "இங்க எத்தன மணி பஸ்ஸுல ஏறணும்?"

எனக்குத் தெரியும். குருநாகல் பக்கத்தால் போகிற எல்லா பஸ்ஸும் எனக்குத் தெரியும். எது அலவ்வையில் தேநீருக்கு அரை மணி நேரம் நிற்கும் என்பது கூடக் கேள்வி ஞானத்தில் தெரியும். வாய் பாதி திறந்துவிட்டது. மக்கீன் என் காலை மிதித்தார்.

"ஏழரைக்கு ஒன்னு இருக்கு வாப்பா" என்றாள் பஸ்லா. "அதுக்கு முந்தி ஆறே காலுக்கும் ஒன்னு."

"ஆறே காலுக்கே போவோம்" என்றார் அவர். "ஏழரைக்குப் போனா லேன்ல எல்லாரும் எழும்பி நிப்பாங்க."

சொல்லும்போது அவர் பார்த்தது என்னைத்தான்.